முதல் உசிரு

"இந்தக் கைய வெட்டிப் போட்டுடலாமான்னு இருக்கு டீச்சர்" என்றான் இசக்கிப்பாண்டி.

அவனுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த புஷ்பம் டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தக் கைய?"

"இந்தா, இதத்தான்." வலது கையை நீட்டினான்.

சாதாரணக் கையா அது! பதினாலு வருஷம் கபடியில் லெஃப்ட் கார்னர். பாடி வந்தவனின் கணுக்காலை அந்தக் கை பிடித்தால் பிடித்ததுதான். அதற்காகவே ஒரு நூற்பாலை அவனைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டான். அதே அணிக்குக் கோச் ஆனான். நாலு வருஷமாயிற்று. ஒரு கோப்பை கிடையாது.

போன ஞாயிறு அரையிறுதி. இரண்டு பக்கமும் சமம். கடைசி ரெய்டு. எதிரணிக்காரன் பாடிக்கொண்டே கோட்டோரம் வந்தான். வெளியே நாற்காலியில் இருந்த இசக்கியின் கை தானாகப் போய் அவன் கணுக்காலைப் பிடித்துவிட்டது.

எதிரணிக்கு ஒரு பாயிண்ட். ஆட்டம் போச்சு. கூடியிருந்த சனமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"தையில ஒரு போட்டி இருக்கு. அதுலயும் தோத்தா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. கபடிய விட்டா எனக்கு வேற என்ன டீச்சர் தெரியும்? வெக்கமா இருக்கு. பயமாவும் இருக்கு."

"உங்க டீம்ல லெஃப்ட் கார்னர் யாரு?"

"நான்தான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டீச்சர் சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

உப்பளத்து வேலை முடித்து, ஆடுவதற்கு அன்று பதிமூணு பேர்தான் வந்திருந்தார்கள்.

"ஒரு ஆள் குறையுது. லெஃப்ட் கார்னர்ல போய் நில்லு" என்றாள்.

நின்றான். பாடி வந்த முதல் ஆளே அவன் தோளைத் தட்டிவிட்டு ஓடிப்போனான்.

"செத்தாச்சு. வெளிய உக்காரு."

உட்கார்ந்தான். ஓர் ஒல்லிப் பையன் நகர்ந்து லெஃப்ட் கார்னரில் நின்றான்.

அடுத்து இரண்டு பேர் செத்து, இசக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

இசக்கியின் பக்கம் ஒரு பாயிண்ட் எடுத்தது. ஒரு பாயிண்டுக்கு, செத்தவர்களில் ஒருவருக்கு உயிர். டீச்சர் இரண்டாவது ஆளை உள்ளே அனுப்பினாள். இன்னொரு பாயிண்ட். மூன்றாவது ஆளை அனுப்பினாள்.

இசக்கிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன டீச்சர் அநியாயம்! நான்தான மொதல்ல செத்தேன்? மொத உசிரு எனக்குல்லா வரணும்?"

"ஏல, நீ செத்து நாலு வருஷமாச்சு."

இசக்கி சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டிருந்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

உள்ளே ஒருவன் பாடி வந்தான். ஒல்லிப் பையன் பாய்ந்தான். கணுக்கால் சிக்கியது.

இசக்கியின் கை எழுந்தது. கூடவே இன்னொரு கையும் எழுந்தது. இரண்டும் தட்டின.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க டீம்ல லெஃப்ட் கார்னர் யாரு?"

"ஜெபசிங்."

"அவன் கை எப்படி?"

இசக்கி தன் கையைப் பார்த்தான்.

"என் கையவிட நீளம், டீச்சர்."