கொடிக்கால் யாருக்கு?

நெடுமலைச் சீமையை முன்னே ஒரு காலத்தில் அழகாத்திரி ராஜா என்று ஒருத்தர் ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. வாயில் வெற்றிலை நன்றாகச் சிவந்தால் ஊருக்கு வரி குறையும். சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்தால் எதிரே நிற்கிறவன் பாடு திண்டாட்டம். அதனால் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பைக்காரர் விருத்தகிரிக்கு அரண்மனையில் அப்படி ஒரு செல்வாக்கு! அந்தப் பதவியும் அப்பனுக்குப் பின் மகன் என்று வழிவழியாக வருவது.

இவ்வளவு இருந்தும் மனுஷருக்கு நிம்மதி இல்லை. ராஜா எதற்கெடுத்தாலும் "கூப்பிடு மந்திரி நல்லபெருமாளை" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் விருத்தகிரிக்கு வயிறு எரியும்.

இப்படி இருக்கையில் விருத்தகிரியின் அண்ணன் ஆண்டியப்பன் காலமானார். அவருக்கு ஆற்றோரம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள், செங்கமலம். அப்பன் படுத்த படுக்கையான நாளிலிருந்து தண்ணீர் இறைத்ததும், கொடி கட்டியதும், கொழுந்து கிள்ளியதும் அவள்தான். ஆனால் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. அழுதுகொண்டே பின்னால் போனவளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். விருத்தகிரியின் ஒரே மகன் தாண்டவன்தான் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்ததும் முடியாததுமாக விருத்தகிரி போய்க் கொடிக்கால் வாசல் படலைச் சாத்தி, இனிமேல் இது என் பையனுடையது என்றுவிட்டார். செங்கமலம் கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, அந்தக் கொடிக்கால் போச்சுன்னா நானும் எங்க அம்மாவும் பிச்சைதான் எடுக்கணும்" என்றாள்.

விருத்தகிரி மீசையைத் தடவிக்கொண்டார். "சாஸ்திரம் என்ன சொல்லுது மகாராஜா? கொள்ளி வெச்சவனே மகன். மகனுக்கே சொத்து. வெச்சது என் பையன்!"

ராஜா தலையைச் சொறிந்தார். "பாடுபட்ட கைக்கே நிலம்னு எங்க அப்பா ஒரு சட்டம் போட்டிருக்காரேய்யா. சாஸ்திரத்தை மீறினா சாமி குத்தம். சட்டத்தை மீறினா அப்பா கனவுல வந்து திட்டுவார். மந்திரி! ரெண்டும் கெடாம ஒரு தீர்ப்புச் சொல்லும். இல்லேன்னா உம்ம முத்திரை மோதிரத்தைக் கழற்றி விருத்தகிரி விரல்ல போட்டுடுவேன்."

நல்லபெருமாள் எழுந்தார். "அடைப்பைக்காரர் சொல்றதுதான் சரி மகாராஜா."

அடப்பாவி மனுஷா! சபையே வாயைப் பிளந்தது. செங்கமலத்துக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கொள்ளி வெச்சவன் மகன்தான். அரை மகன், கால் மகன்னு சாஸ்திரத்துல கிடையாது. முழு மகன்! என்ன அடைப்பைக்காரரே?"

"முழு மகன்! சந்தேகமென்ன!" விருத்தகிரிக்கு வாயெல்லாம் பல்.

"ரொம்ப சந்தோஷம். இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையாப் போனவனுக்குப் பிறந்த வீட்டுல பங்கும் கிடையாது, பாத்தியதையும் கிடையாது. இதுவும் அதே சாஸ்திரம். இல்லையா புரோகிதரே?"

"தத்துப் போன பிள்ளைக்கு அப்படித்தான்" என்று தலையாட்டினார் அரண்மனைப் புரோகிதர்.

மந்திரி, சபை ஓரமாக நின்றிருந்த தாண்டவனைக் கூப்பிட்டு விருத்தகிரியைக் காட்டினார். "தம்பி, இவர் உனக்கு என்ன முறை?"

"அப்பாங்க."

"தப்பு. உங்க அப்பாவுக்குத்தான் நீ கொள்ளி வெச்சிட்டியே. அப்பா கூடப் பிறந்த தம்பியை எப்படிக் கூப்பிடுவே?"

தாண்டவன் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்தப்பா!" என்றான்.

ராஜா வெற்றிலை புரையேறச் சிரித்தார். விருத்தகிரியும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

மந்திரி விடுவாரா? "தை மாசம் தாண்டவனுக்குக் கல்யாணமாமே? தகப்பன் செத்த வருஷத்துல கல்யாணம் ஏது? நிறுத்திடுங்க. அப்புறம் நடந்தாலும் முன்னால நின்னு நடத்துறது செங்கமலத்தோட அம்மா. நீங்க சித்தப்பா முறைக்கு மொய் எழுதிட்டு, சாப்பிட்டுட்டு வரலாம். ஆங், மகாராஜா, அடைப்பைப் பதவிக்கு வேற குடும்பம் பார்க்கணும். அடைப்பைக்காரருக்குத்தான் பாவம், பிள்ளை இல்லையே!"

தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை! விருத்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துத் தாண்டவனுக்கும் தாங்கவில்லை. ஓடிவந்து தோளைத் தொட்டான்.

"அழாதீங்க சித்தப்பா!"

"டேய்! அப்பான்னு கூப்பிடுடா!" என்று அலறிவிட்டார் மனுஷர். "மகாராஜா, இவன் என் பிள்ளை! எனக்கு மட்டும்தான் பிள்ளை! பெரியப்பாவுக்குக் கொள்ளி வெச்சது ஒரு மரியாதைக்கு. கொடிக்காலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். "அப்போ ஆண்டியப்பனுக்குன்னு இருக்கிற பிள்ளை யார் மகாராஜா? செங்கமலம் ஒருத்திதான். பாடுபட்ட கையும் அவ கைதான். சாஸ்திரமும் கெடலை, சட்டமும் கெடலை."

ராஜா தொடையில் தட்டினார். "பலே! இனிமே இந்தச் சீமையில மகளும் வாரிசுதான். போடுங்கய்யா தண்டோரா!" கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு விருத்தகிரியை முறைத்தார். "அண்ணன் மகளைத் தெருவுல நிறுத்தப் பார்த்தீரே, வெட்கமா இல்லே? செங்கமலம், உன் சித்தப்பாவுக்கு என்ன தண்டனை? நீயே சொல்லும்மா."

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்டனையெல்லாம் வேணாம் மகாராஜா. அங்கே கொழுந்து முத்திப்போய்க் கிடக்கும். விடிஞ்சதும் கிள்ள ஆள் வேணும். தம்பி தாண்டவனை அனுப்பச் சொல்லுங்க. சித்தப்பாவும் வரட்டும். அவருக்கு மடிக்கத்தான் தெரியும், கிள்ள நான் கத்துக்கொடுக்கிறேன்."

விருத்தகிரி போனார். போகாமல் என்ன செய்வார்? வெற்றிலைக் கொடி படரும் அகத்தி மர நிழலில் குனிந்து நிமிர்ந்து அவர் பட்ட பாட்டை நெடுமலைச் சீமையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சீமைப் பெண்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரிக்கிறார்கள்.