ராஜா கேட்ட திவசச் சாப்பாடு

ஆற்றில் தண்ணீருக்கும் அரண்மனையில் வம்புக்கும் பஞ்சமில்லாத ஒரு காலத்தில், வெண்ணாவல் நாடு என்றொரு நாட்டைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆள்வதற்குச் சின்ன நாடுதான். சாப்பிடுவதற்குப் பெரிய மனசு அவனுக்கு.

ஒருநாள் அவனுடைய அப்பாவின் திவசம் வந்தது. விடியும் முன்பே ஆற்றில் முழுகி, பல்லில் பச்சைத்தண்ணீர் படாமல், ஓமப்புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்தான். புரோகிதர்கள் சாப்பிட்டு, காகமும் சாப்பிட்டு, வெயில் மேற்கே சாயும்போதுதான் அவனுக்கு இலை விழுந்தது. பிரண்டைத் துவையல், மிளகு போட்ட பாகற்காய்க் கறி, மோர்க்குழம்பு, எள்ளுருண்டை. ராஜா இலையை நக்காத குறைதான்.

“இவ்வளவு ருசியை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரே நாளா? நாளைக்கும் இதே சமையல்!”

சமையற்காரர் கிட்டாவய்யர் கரண்டியோடு முன்னால் வந்தார். “மகாராஜா, இது திவசத்துக்கு மட்டும் செய்கிறது. சும்மா நாளில் செய்தால் குடும்பத்துக்கு ஆகாது.”

“ராஜாவின் நாக்குக்கு நாளும் திதியுமா?” என்று குறுக்கே விழுந்தார் பொக்கிஷதார் மார்க்கசகாயம். அவருடைய மைத்துனனும் ஒரு சமையற்காரன். அவனை அரண்மனை அடுப்படியில் நுழைத்துவிட அவர் வெகுநாளாக வழி தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராஜா காலையில் நெய்ப்பொங்கல் சாப்பிட்டான். நடுவில் ஒரு தட்டு முறுக்கைக் கொறித்தான். மத்தியானம் பட்டுத் திண்டில் சாய்ந்தபடி துவையலைத் தொட்டு நக்கினான். முகம் கோணிப்போயிற்று.

“இது நேற்றைய துவையலே இல்லை! தொண்டை அரிக்கிறது!”

“கிட்டாவய்யருக்குக் கை தளர்ந்துவிட்டது, மகாராஜா. என் மைத்துனன் இருக்கிறானே...”

“நாளைக்குள் அதே ருசி வரவேண்டும். வராவிட்டால் கிட்டாவய்யர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!”

மந்திரி நல்லபெருமாளுக்கு மனசு கேட்கவில்லை. கிட்டாவய்யர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்; பந்தல்கால்கூட நட்டாகிவிட்டது. ஆனால் மந்திரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. முந்தினநாள் ராஜா காகத்தை ஏக்கத்தோடு பார்த்த பார்வையையும், இன்று முறுக்கு காலியான வேகத்தையும் அவர் பார்த்துத்தான் இருந்தார்.

“மகாராஜா, துவையலில் ஒரு சரக்கு குறைகிறது.”

“என்ன சரக்கு?”

“திவசம்.”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மந்திரி சிரிக்கவில்லை.

“அரண்மனையில் நாளைக்கு யாருக்கும் திதி இல்லை. ஆனால் சன்னியாசம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கும்போதே தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொள்ளலாம். ராஜாவின் நாக்குக்காக எதையும் செய்யக்கூடியவர் நம் மார்க்கசகாயம். வீடு, பதவி, மனைவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காலையில் மொட்டை அடித்துக்கொண்டால் போதும்.”

மார்க்கசகாயம் குடுமியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏன் ஓய், எனக்காக இதுகூடச் செய்யமாட்டீரா?” என்று ராஜா நிஜமாகவே கேட்டான்.

“செய்வேன் மகாராஜா... என் பெண்டாட்டி விடமாட்டாளே!”

“அப்படியென்றால், நாளைக்குத் திவசம் உள்ள வீடாவது தேடிப் பிடியும்” என்றார் மந்திரி.

மார்க்கசகாயம் தெருத்தெருவாக ஓடினார். “உங்கள் வீட்டில் நாளைக்கு யாராவது செத்திருக்கிறார்களா?” என்று உளறி, போன இடமெல்லாம் வசவு வாங்கினார். கடைசியில் வடக்கு வீதி வைத்தியர் ஆதிமூலம் தம் அப்பாவின் திவசம் என்றார். அங்கே சமைக்கத் தம் மைத்துனனையே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மார்க்கசகாயம் திரும்பினார்.

“திவச வீட்டுக்குப் போனால் திவச முறைதான், மகாராஜா” என்று சொல்லி, விடிவதற்குள் மந்திரி ராஜாவை ஆற்றில் முழுக்கிவிட்டார். பொங்கலும் கிடையாது, முறுக்கும் கிடையாது. மார்க்கசகாயமும் கூடவே பட்டினி.

உச்சிவெயிலில் வைத்தியர் பிண்டத்தை முற்றத்தில் வைத்தார். ஒரு காகமும் இறங்கவில்லை.

“இத்தனை குடையையும் கொடியையும் பார்த்தால் எந்தக் காகம் வரும்?” என்று வைத்தியர் முணுமுணுத்தார்.

குடையை மடக்கினார்கள். பரிவாரம் தெருக்கோடிக்குப் போயிற்று. பசி தாங்காத ராஜா தானே முற்றத்தில் இறங்கி, “கா! கா!” என்று கத்தினான்.

“இன்னும் கொஞ்சம் பணிவாக, மகாராஜா” என்றார் மந்திரி.

“கா... கா...” என்று குழைந்தான் ராஜா. ஒருவழியாகக் காகம் வந்தது; இலையும் விழுந்தது. முதல் வாயிலேயே ராஜா கண்ணை மூடிக்கொண்டான்.

“இதுதான்! இதேதான்!”

மார்க்கசகாயத்தின் வாய் நிறையச் சோறு. “சொன்னேனே, மகாராஜா! என் மைத்துனன் கைப்பக்குவம்!”

“கூப்பிடும் அவனை!”

அடுக்களையிலிருந்து வந்தவர் கிட்டாவய்யர்.

“மைத்துனன் எங்கே?” என்றான் ராஜா.

“அவனா?” என்று வைத்தியர் சீறினார். “திவசச் சமையலை யாராவது ருசி பார்ப்பார்களா? பித்ருக்களுக்கு முன்னால் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்குகிறான்! விரட்டிவிட்டேன். அப்புறம் மந்திரிதான் இவரை அனுப்பினார்.”

ராஜா கிட்டாவய்யரைப் பார்த்தான். “முந்தாநாள் ருசி திரும்பிவிட்டதே, எப்படி ஐயா செய்தீர்?”

“நேற்று செய்தமாதிரியேதான், மகாராஜா.”

ராஜா எள்ளுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து காய்ந்து கிடந்த தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு அது குலுங்கச் சிரித்தான். கிட்டாவய்யர் மகள் கல்யாணம் அரண்மனைச் செலவு என்றான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். அன்றைய எச்சில் இலைகளை எடுக்கிற வேலை மார்க்கசகாயத்துக்குப் போயிற்று.

“அடுத்த திவசம் எப்போது?” என்று எழுந்தபடி கேட்டான்.

“ஆடியில், உங்கள் பாட்டனாருக்கு” என்றார் மந்திரி.

“காத்திருக்கிறேன். அதுவரை என் நாக்குக்காக யாரும் அவசரப்பட்டுச் செத்துவைக்க வேண்டாம்.”

“உத்தரவு, மகாராஜா!” என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு குனிந்தார், கையில் இலைகளோடு நின்ற மார்க்கசகாயம்.