இன்சூரன்ஸ்காரர் கொன்ற மூன்றாவது ஆள்

ஓடைக்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொல்லா நோன்பு எடுக்க வருகிறவர், அதற்கு முந்தின நாள் குருவின் முன்னால் உட்கார்ந்து, அதுவரை தன் கையால் செத்த உயிர்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூட்டைப்பூச்சி ஆனாலும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் மறுநாள் காலையில் நோன்பு. நோன்பு எடுத்தவர்கள்தான் மடத்து அடுக்களைக்குள் போகலாம். அங்கேயே நிரந்தரமாகத் தங்கியும்விடலாம்.

உலகம்மாள் ஐந்து மாதமாக அடுக்களை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொண்டிருந்தாள். தென்காசியில் இருந்த வீட்டை மகன் விற்றுவிட்டான். அவனுடைய புது வீட்டில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டிருந்தான். ஹாலில், டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். மடத்தில் இடம் இல்லை என்றால் அந்தக் கட்டிலுக்குத்தான் திரும்ப வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று நோன்புக்காக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உலகம்மாள், இன்னொருவர் தாணுமூர்த்தி. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். துண்டை நான்காக மடித்து, ஓரம் விலகாமல் தோளில் போட்டிருந்தார்.

மடத்துக் குருவான சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. உலகம்மாளின் மகனைவிட இளையவர். ஆனாலும் அவர் முன்னால் உட்காரும்போது அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொள்வாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் சாமி.

"கோழி நெறைய, சாமி. எலி. கரப்பான். ஒரு தடவை பாம்புக்குட்டி, வெளக்கமாத்தால. கொசுவுக்கு எண்ணிக்கையே கெடையாது. மீனு... மீனு செத்துத்தான வீட்டுக்கு வரும்? அது என் கணக்கா, மீன்காரி கணக்கா?"

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. அப்புறம்?"

"அவ்வளவுதான், சாமி."

தாணுமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சாமியின் முன்னால் வைத்தார். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய மர்ம நாவல். அட்டையில் ஒருவர் தோல் பையைப் பிடித்துக்கொண்டு பணிவாகச் சிரித்துக் கொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து ஒரு கத்தியின் நுனி தெரிந்தது.

உலகம்மாள் தன் காய்க்கூடை இருந்த அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காய்க்கூடைக்கு அடியில இருந்துச்சு, சாமி" என்றார் தாணுமூர்த்தி. "இந்த அம்மா தெனமும் இதைப் படிச்சுட்டுச் சிரிக்காங்க. கொலையைப் படிச்சுட்டு. நாளைக்குக் கொல்லா நோன்பு எடுக்கப் போறவங்க!"

சாமி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கதைம்மா இது?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு, சாமி. வரிசையா ஆளுகளைக் கொல்லுதான்."

"எதுக்கு?"

"அவங்க குடுக்கிற சின்னச் சின்ன இம்சைக்கு. பஸ்ஸுல போனைச் சத்தமா வச்சுப் பாட்டுப் போடுத ஒருத்தன். வாடகைக்கு விட்டுட்டுத் தண்ணி மோட்டாரைப் பாதியில அணைக்கிற ஒரு வீட்டுக்காரன். ஆனா ரொம்ப மரியாதையான ஆளு, சாமி. செருப்பை வாசல்ல கழட்டிட்டுத்தான் உள்ள வருவான். தவணை ஒழுங்கா கட்டியிருக்கானான்னு விசாரிச்சுட்டுத்தான் கொல்லுவான். பின்ன, செத்தவன் குடும்பம் கஷ்டப்படக் கூடாதுல்லா?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றார் தாணுமூர்த்தி.

சிரிப்பு நின்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இதைத்தான் சாமி நான் உங்ககிட்ட கேக்கணும். பேப்பர்ல கொலைன்னு போட்டிருந்தா அந்தப் பக்கத்தையே நான் தொட மாட்டேன். பேத்தி பள்ளிக்கூடத்துல இருந்து கொஞ்சம் பிந்தி வந்தாப் போதும், எனக்கு உசுரே இருக்காது. அப்படிப்பட்டவளுக்கு இதைப் படிச்சா ஏன் சிரிப்பு வருது? அது போதாதுன்னு, படிச்சுட்டு நல்லாத் தூங்குதேன் வேற."

"பேப்பர்ல வர்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

உலகம்மாள் யோசித்தாள்.

"பேப்பர்ல செத்தவங்களுக்கு ஒரு அம்மா இருப்பா, சாமி. இதுல யாருக்கும் அம்மா கெடையாது."

"அப்போ எதுக்கு அழுறீங்க?"

"மூணாவது ஆளுக்குப் பொண்டாட்டி இருக்கா."

சாமி புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்த இடத்தை வாசிங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள்.

மூன்றாவது ஆள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஏஜென்ட் கொண்டு வந்த மைசூர்பாகு கல் மாதிரி இருந்தது. பாதியில் தொண்டையில் சிக்கிக் கொண்டது. 'தண்ணி' என்று சொல்ல முடியாமல் அவர் அடுக்களையைப் பார்த்துக் கையை ஆட்டினார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். செம்பு நிறையத் தண்ணீர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. 'பக்கத்திலேயே இருக்கிறது, சார்' என்றார் ஏஜென்ட் பணிவாக. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை அடுக்களைப் பக்கம் மட்டுமே ஆடிப் பழகியது. அதற்கு வேறு வழி தெரியவில்லை. 'கொஞ்சம் இடது பக்கம், சார்' என்றார் ஏஜென்ட். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக் கொண்டார்.

சாமியின் தோள் குலுங்கியது. உதட்டை மடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொண்டாட்டி?" என்று கேட்டார்.

"இன்னும் கடையில இருந்து வரலை, சாமி. நான் இதுவரைக்கும்தான் படிச்சிருக்கேன்."

"வருவா" என்றார் தாணுமூர்த்தி. "வந்து, அந்தச் செம்பை எடுத்து அவளே மடக்கு மடக்குன்னு குடிச்சிருவா."

உலகம்மாளும் சாமியும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி!" என்றாள் உலகம்மாள். "நான் இன்னும் அங்க வரலைங்கேன்லா!"

"முழுசும் படிச்சுட்டீங்களா, அண்ணாச்சி?" என்றார் சாமி.

"சோதிச்சுப் பாக்கணும்லா, சாமி? என்ன புத்தகம்னே தெரியாம உங்க முன்னால எப்படிக் கொண்டாந்து வைக்கிறது?"

"கடைசிப் பக்கம் வரைக்கும் சோதிச்சீங்களா?"

"எட்டுக் கொலை. ஆளு கடைசியில..."

"சொல்லாதீங்க!" என்று உலகம்மாள் காதைப் பொத்திக் கொண்டாள்.

சாமி அவள் கை இறங்கும் வரை காத்திருந்தார்.

"அந்த இடத்தைப் படிக்கும்போது யாரு ஞாபகம் வந்துச்சு, அம்மா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "இப்படித்தான் சாமி இருப்பாரு. செம்பு பக்கத்துலயே இருக்கும். நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருப்பேன். தண்ணின்னு ஒரு சத்தம். எறங்கி வந்து, அந்தச் செம்பையே எடுத்துக் கையில குடுப்பேன். அவரு ஆஸ்பத்திரியில போய்ச் சேந்தப்ப அழுதேன். நெசமாவே அழுதேன், சாமி. இப்ப இதைப் படிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சேன். சிரிச்ச பெறகுதான் பயந்துட்டேன். கோழியைச் சொன்னேன், எலியைச் சொன்னேன். அவரையும் சொல்லணுமா?"

சாமி கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். சுவரில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக் கொண்டார். தண்ணீர்க் கூஜா அவர் முழங்கால் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, தண்ணி" என்றார்.

அவள் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள். ஓரடி வைத்ததும் கூஜா கண்ணில் பட்டது. அப்படியே நின்றாள். தாணுமூர்த்தி கூஜாவை எடுக்கக் கை நீட்டினார். சாமி அந்தக் கையைத் தடுத்தார்.

"இப்போ என்ன தோணுச்சும்மா?"

"வேண்டாம், சாமி."

"இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிரணும்."

"அந்தக் கூஜாவை உங்க தலையில கவுத்தா என்னன்னு."

"தண்ணியைக் கவுக்கவா? கூஜாவையே போடவா?"

உலகம்மாள் தரையைப் பார்த்தாள். "போடத்தான்."

"ஏன் போடலை?"

"உங்களுக்கு ஒரு அம்மா இருப்பாங்கள்லா?"

சாமி காலை மடக்கி உட்கார்ந்தார். கூஜாவைத் தானே எடுத்து டம்ளரில் ஊற்றினார். முதல் டம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். பிறகுதான் அவர் குடித்தார்.

"உங்க வீட்டுக்காரர் எதுல செத்தாரு?"

"நெஞ்சு வலியில, சாமி."

"அப்போ அது உங்க கணக்கு இல்லை. காலையில குளிச்சுட்டு வந்துருங்க."

உலகம்மாளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் டம்ளரைக் கீழே வைக்க மறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் புத்தகம் கிடந்தது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சாமியே அதை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இனி நீங்க, அண்ணாச்சி."

தாணுமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் கணக்குல ஒண்ணுமே கெடையாது, சாமி. எறும்பு போச்சுன்னா ஒதுங்கித்தான் நடப்பேன்."

"எட்டுக் கொலை படிச்சீங்களே. எங்கயாவது சிரிப்பு வந்துச்சா?"

"வரலை."

"யாராவது ஞாபகத்துக்கு வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலை. எனக்கு ஒருத்தரை அடிக்கணும்னுகூட இந்நாள் வரைக்கும் தோணினது கெடையாது, சாமி."

"அப்படியா?" என்றார் சாமி. "அப்போ நீங்க அடுத்த வருஷம் வாங்க."

தாணுமூர்த்தியின் தோளிலிருந்து துண்டு சரிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நான் என்ன சாமி தப்பு செஞ்சேன்? கொலையைப் படிச்சுச் சிரிச்சவங்களுக்கு நோன்பு. சிரிக்காத எனக்குக் கெடையாதா?"

"நாளைக்கு நோன்புன்னு வந்து உக்காந்தா, நீங்க எதை விடப் போறீங்க, அண்ணாச்சி?"

தாணுமூர்த்தி சரிந்து கிடந்த துண்டை ஒரு கையால் கசக்கிப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தன் மகன் வயதுக்காரரான சாமியை அவர் உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார். அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்தில் இருந்த உலகம்மாளுக்கே கேட்டது.

சாமி ஆவலோடு முன்னால் குனிந்தார்.

"ம், இப்போ என்ன தோணுது? சொல்லுங்க" என்றார்.