எண்பத்தோராவது பாட்டு

செங்கமலத்தம்மையின் மடத்தில் ஒரு பழைய ஏடு இருந்தது. மொத்தம் எண்பது பாட்டு. எதுவும் லேசில் பிடிபடாது. வெள்ளிக்கிழமை தோறும் சீடர்களில் ஒருவர் ஏட்டைப் பார்த்து ஒரு பாட்டை எழுதி வந்து வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மை விளக்கம் சொல்வதில்லை.

சீடர்களில் வயதில் மூத்தவர் நல்லசிவம். அம்மையைவிடவே இருபது வயது கூடுதல். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரத்தைத் தொட்டதுமே அசலா போலியா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். ஆட்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

எட்டு மாதத்தில் முப்பத்துநான்கு பாட்டு கேட்டாயிற்று. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. சுற்றி இருந்தவர்களோ தலையாட்டினார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கும் இருளப்பன் சில பாட்டுகளுக்குக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதுதான் நல்லசிவத்துக்கு உறுத்தியது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆளுக்கு விளங்குவது தனக்கு விளங்காமல் போகுமா?

எல்லாம் நடிப்பு என்று முடிவு கட்டினார். அம்மையின் மேலும் சந்தேகம் வந்தது. பொருள் தெரிந்தால்தானே சொல்வதற்கு?

அவருடைய முறை வந்தது. நல்லசிவம் ஏட்டைத் தொடவில்லை. தானே இரண்டு வரி கட்டினார். அர்த்தம் இருக்கக் கூடாது, ஆழம் இருப்பதுபோல் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் முகத்தில் எதையும் காட்டாமல் வாசித்தார்.

“நீர்குடித்த நெருப்பே, நெருப்புண்ட நீரே,
தட்டியகை ஓய்ந்தபின் தாழ்திறக்கும் வீடே.”

இருளப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மை கண்ணை மூடியபடி இருந்தார். போலி என்று ஒருவரும் சொல்லவில்லை.

எல்லாரும் கலைந்து போகும்வரை நல்லசிவம் காத்திருந்தார். பிறகு அம்மையிடம் போய் நின்றார்.

“இன்னிக்கு வாசிச்சது ஏட்டுல இல்லம்மா. நான் சும்மா எழுதினது.”

“தெரியும்யா.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

எழுதுவதற்கு எத்தனை நாள் ஆனது என்று அம்மை விசாரித்தார். முதல் வரிக்கு நான்கு நாள் பிடித்தது, எழுதி எழுதி அடித்தேன், இரண்டாவது வரி மட்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது என்றார் நல்லசிவம்.

“அழுதாரே இருளப்பன், அது நடிப்புத்தானே?” என்று கேட்டார்.

“அவர் எதுக்கு அழுதார்னு அவர்கிட்டத்தான் கேக்கணும். நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“அது யார் வீட்டுக் கதவு?”

நல்லசிவத்துக்குத் தன் வீட்டுக் கதவு கண்முன் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட மகள் மழையில் நனைந்தபடி வந்து கதவைத் தட்டினாள். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டும் சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். வாசலில் யாரும் இல்லை. பிறகு அவள் வரவேயில்லை. இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மையை உற்றுப் பார்த்தார். ஊரில் யாரோ இவரிடம் வத்தி வைத்திருக்க வேண்டும். இருளப்பனாக இருக்குமோ? அவனுக்கு எப்படித் தெரியும்?

“இத உங்ககிட்ட யார் சொன்னது?” குரல் தடித்திருந்தது.

“நீங்கதான்யா,” என்றார் அம்மை. “காலையில எல்லார் முன்னாடியும் வாசிச்சீங்களே.”