மூன்று கல்லும் ஒரு முள்ளம்பன்றியும்

நதிகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலம் அது. நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்களும் உட்காருங்கள். ஒரு காட்டை யானை ராஜா ஆண்டுவந்தார்.

அவர் சபையில் மூன்று கற்கள் கிடந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது ஒரு கல்லில் ஏறி நின்றுதான் பேச வேண்டும். முதல் கல், 'நான் செய்யவே இல்லை.' இரண்டாம் கல், 'செய்தேன், ஆனால் வேறு வழியில்லை.' மூன்றாம் கல், 'செய்தேன், அப்போது என் புத்தி என்னிடம் இல்லை.'

ஒருநாள் சிலும்பி என்ற முள்ளம்பன்றியை இழுத்து வந்தார்கள். காவல் தலைவர் கழுதைப்புலியைக் குத்திவிட்டாளாம். குற்றம் உறுதியானால் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள். வளைக்குள்ளோ பால்குடி மறக்காத குட்டிகள்.

ஊரார் வழக்கில் தலையிடுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு குரங்கு வழியில் காதோடு சொன்னான்: "மூன்று கல்லிலும் ஏறிவிடு அக்கா. ஒன்று இல்லாவிட்டால் ஒன்று காப்பாற்றும்."

பயந்தவளுக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. முதல் கல்லில் ஏறினாள். "நான் அந்தப் பக்கமே போகவில்லை ராஜா."

கழுதைப்புலி கொண்டுவந்திருந்த முள்ளை ராஜா தும்பிக்கையால் தூக்கிக் காட்டினார். "அப்படியானால் இது யார் முதுகில் முளைத்ததம்மா?" சபை கொல்லென்று சிரித்தது.

சிலும்பி இரண்டாம் கல்லுக்குத் தாவினாள். "குத்தினேன் ராஜா. என் குட்டிகளைத் தின்ன வந்தார், குறுக்கே நின்றேன்." சத்தியமாக நடந்தது அதுதான். ஆனால் இனி யார் நம்புவார்கள்?

"பொய். சும்மா போன என்னைப் பின்னாலிருந்து முதுகில் குத்தினாள்," என்று கழுதைப்புலி பல்லைக் கடித்தபடி முனகினார்.

"ஒரு கல்லில் பொய் சொன்னவள் பேச்சு அடுத்த கல்லில் எடுபடாது," என்றார் ராஜா. "சாட்சி உண்டா?"

குரங்கு மூன்றாம் கல்லைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினான். பட்டது போதும் என்றிருந்தது சிலும்பிக்கு. நின்ற கல்லிலேயே காலை ஊன்றிக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது, இந்தக் கழுதைப்புலி ஏன் வாயைத் திறக்காமலே பேசுகிறார்?

"சாட்சி அவர் வாய்க்குள் இருக்கிறது ராஜா. ஒரு தரம் 'ஆ' காட்டச் சொல்லுங்கள்."

மாட்டேன் என்று தலையாட்டியவரின் தாடையை ராஜாவே தும்பிக்கையால் திறந்தார். நாக்கிலும் அண்ணத்திலும் முள் முள்ளாகக் குத்தி நின்றது.

"ஏனய்யா, உமக்கு நாக்கு முதுகிலா இருக்கிறது?" என்று கேட்டார் ராஜா.

கழுதைப்புலியைக் காட்டைவிட்டுத் துரத்தினார்கள். சிலும்பி குட்டிகளிடம் போய்ச் சேர்ந்தாள். ஆனால் பொய் சொன்ன பாவத்துக்கு அந்த மழைக்காலம் முழுக்க முதல் கல்லை அவள்தான் தேய்த்துக் கழுவினாள், தண்ணீர் சுமந்தவன் குரங்கு.

ஆகவே, நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் செய்ததைச் செய்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், முன்னால் சொன்ன பொய் பின்னால் வரும் உண்மையையும் கெடுத்துவிடும்.