மூணாம் நாள் எடுத்த குரல்

ஒரு ஊர்ல ஒரு ரேடியோக்காரி இருந்தாளாம். பேரு எதுக்கு இப்போ, விடு. கண்ணை மூடிக்கிட்டு ம் மட்டும் கொட்டு, அத்தை சொல்றேன்.

வானத்துல ஆளுங்க தங்கி சுத்துற விண்வெளி நிலையம் இருக்குல்ல, அதுல ஒரு ரேடியோப் பெட்டி இருக்கு. இங்கேருந்து பேசினா அது வாங்கி, கடல் தாண்டி இருக்கறவங்களுக்குச் சொல்லும். ஆனா நம்ம தலைக்கு மேல பத்து நிமிஷம்தான் நிக்கும். ஒரு நேரத்துல ஒரு குரலைத்தான் எடுக்கும். அதனால ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. ரேடியோக்காரங்க வழக்கம் அது.

முதல் நாள் சாயங்காலம் ஏரியலைத் தப்பான பக்கம் திருப்பிட்டா. கர்ர்ர்ருனு வெறும் இரைச்சல். ரெண்டாம் நாள் தொண்டை வத்தக் கூப்பிட்டா, பதிலே இல்ல. மூணாம் நாள் மாடி பூரா சொந்தக்காரங்க. இன்னைக்குப் பேசிக் காட்டுறேன்னு பெருமையடிச்சிருந்தா. ம் சொல்லு.

"ம்."

அப்போ கர்ர்ர் நடுவுல மெலிசா ஒரு குரல், அந்தமான்லேருந்து சேவியர்னு. உடனே ஒரு சிங்கப்பூர்க்காரர், சரியா கேக்கல, பேரை மறுபடி சொல்லுங்கன்னார். சேவியர் வாயெடுத்தார். இவ டிக்குனு பொத்தானை அமுக்கி தன் பேரைச் சொல்லிட்டா. இவளோடது பெரிய பெட்டி. சேவியர் குரல் அதுல அமுங்கியே போச்சு. சிங்கப்பூர்க்காரர் இவ பேரைத்தான் எடுத்துக்கிட்டு பதில் சொன்னார். மாடியில எல்லாரும் கை தட்டினாங்க. அவளும் வெக்கமில்லாம சிரிச்சா.

உன் குரல் கேட்டுச்சுன்னு தபால்ல கார்டு போடறதும் ரேடியோக்காரங்க வழக்கம். சிங்கப்பூர்லேருந்து ஒண்ணு வந்துச்சு. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு சேவியர் கிட்டேருந்தும் கார்டு வந்துச்சு. "உங்க குரல் தெளிவா கேட்டுச்சும்மா, வாழ்த்துகள். என் ஏரியல் குடைக்கம்பியில செஞ்சது, அதான் எட்டல போல. ரெண்டு வருஷமா முயற்சி பண்ணிட்டேன், கழட்டிடலாம்னு இருக்கேன்." திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பா.

"அத்தை, நம்ம சுவத்துல மாட்டியிருக்கற சிங்கப்பூர் கார்டு..."

அதேதான்.

"சேவியர் கார்டு?"

பீரோவுல, புடவைக்கு அடியில.

"தப்பு உன்னோடதுன்னு எழுதினியா?"

எட்டு மாசமாச்சு. இன்னும் எழுதல, கண்ணு. கேக்கவே அசிங்கமா இருக்குல்ல? எனக்கும்தான்.

கதை முடியல. உன் பேனாவைக் குடுத்துட்டு நீ தூங்கு.