கோணங்காட்டார் வீடியோ இறக்கிய கதை

கோணங்காடு என்று ஒரு ஊர். மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் காயும். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னது கிடையாது. அங்கே வீரப்பு டீக்கடையின் மாடியில் இளஞ்சிங்கங்கள் விளையாட்டு மன்றம் இருந்தது. சிங்கங்களில் இளையவருக்கே தலை நரைத்துவிட்டது. தலைவர் பொன்னுரங்கம். அவருக்குக் கீழே மூன்று பேர்: எதையும் தீர யோசிக்கும் அய்யாக்கண்ணு, யோசிக்காமலே ஒப்புக்கொள்ளும் மாசிலாமணி, ஒப்புக்கொண்ட பிறகு சந்தேகம் கேட்கும் சடையாண்டி.

நால்வருக்கும் தெரிந்த ஒரே விளையாட்டு கயிறு இழுப்பது. வருஷா வருஷம் போட்டிக்குப் போவார்கள். வருஷா வருஷம் எதிர் அணியின் காலடியில் போய் விழுந்து, எழுந்து, அவர்களோடு சேர்ந்தே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

"இழுக்கப் போறீங்களா, இழுபடப் போறீங்களா?" என்று பொன்னுரங்கத்தின் மனைவி செங்கமலம் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கேட்பாள். பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். ஆனால் அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் ஜெயித்துவிட்டார்கள். ஈச்சங்காட்டு அணி ஏறக்குறைய முடித்துவிட்ட சமயத்தில், எங்கிருந்தோ ஒரு குளவி வந்து அந்த அணியின் கடைசி ஆளுடைய காதுக்குள் புகப் பார்த்தது. அவர் கயிற்றை விட்டார். என்ன ஆச்சு என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோணங்காட்டார் எதையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுப்பதுதான் அவர்கள் வழக்கம். மல்லாக்க விழுந்தும் இழுத்தார்கள். நடுவர் விசில் ஊதிய பிறகும் இழுத்தார்கள். கயிறோடு மைதானத்தைத் தாண்டி தார் ரோட்டுக்குப் போன பிறகுதான் யாரோ ஓடிவந்து, "ஜெயிச்சிட்டீங்கய்யா, விடுங்க" என்று சொன்னார்கள். பொன்னுரங்கம் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்து சொன்னால், செங்கமலம் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கண்ணால பார்த்தா நம்புறேன்" என்றாள். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். அடுத்த திங்கட்கிழமைதான் திரும்பி வருவாள்.

கண்ணால் பார்க்க வழி இருந்தது. போட்டி நடத்தியவர்கள் அதை நேரலையாக நெட்டில் விட்டிருந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுத்துவிடுவோம் என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள். செங்கமலத்திடம் இருந்ததோ பட்டன் போன். ஞாயிற்றுக்குள் வீடியோவைப் பிடித்து வைத்தால்தான் உண்டு.

மன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பொன்னுரங்கத்தின் அக்கா மகள் யாழினி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள். தன் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைத் திறந்தால் வெள்ளை வயிற்றோடு ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கும். மன்றத்தார் அதை வாத்து என்று நினைத்தார்கள். சடையாண்டி தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பிடி நொய் போட்டுவிடுவார். சாயங்காலத்துக்குள் எலி தின்றுவிடும். "நல்லாத் திங்குது" என்று அவருக்குத் திருப்தி.

சனிக்கிழமை காலையில் பொன்னுரங்கம் யாழினிக்குப் போன் போட்டார்.

"அது ஸ்ட்ரீமிங் மாமா. நெட்டு இருந்தாத்தான் ஓடும். அவங்க எடுத்துட்டா போச்சு. நீங்க முதல்ல சேவ் பண்ணணும். நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன், முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்."

பொன்னுரங்கம் போனை வைத்துவிட்டுத் தாடையைத் தடவினார். "முதல்ல சேவ் பண்ணணுமாம்."

"யாருக்குண்ணே?" என்றார் மாசிலாமணி.

அய்யாக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார். "வீடியோவுல யார் யார் இருக்கோம்?"

"நாம நாலு பேரும்."

"அப்ப நாலு பேருக்கும்."

நால்வரும் சலூனுக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய விவாதம் வந்துவிட்டது. சேவ் என்றால் அதில் மீசை சேருமா, சேராதா? மாசிலாமணியின் மீசை ஊருக்கே தெரிந்த மீசை. காது வரை போய் வளைந்து திரும்பும்.

"பாதி சேவ் பண்ணா பாதி வீடியோதானே வரும்?" என்றார் அய்யாக்கண்ணு.

"பாதி வந்தா நாம தோத்துக்கிட்டு இருக்கிற பாதிதான் வரும்" என்றார் சடையாண்டி.

பொன்னுரங்கம் மாசிலாமணியின் மீசையைப் பார்த்தார். தோற்கிற பாதியை மட்டும் செங்கமலம் பார்த்தால்? மாசிலாமணி ஒரு நிமிஷம் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "மன்றத்துக்காக" என்று சொல்லிவிட்டு முகத்தை நீட்டினார்.

மன்றத்துக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் வீடியோவைப் பார்த்தபோது சடையாண்டி வாயைப் பிளந்தார். "யாருண்ணே இவங்க? மீசை வெச்சுக்கிட்டு என்னமா இழுக்கிறாங்க!"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. நல்லவேளையாக அந்த நேரம் யாழினி போனில் கூப்பிட்டு "மாமா" என்றாள். தான் பொன்னுரங்கம்தான் என்று அவருக்கு உறுதியானது.

"சேவ் பண்ணியாச்சும்மா. வழுவழுன்னு இருக்கு."

யாழினிக்குப் புரியவில்லை. வேலை அவசரம் அவளுக்கு. "சரி மாமா, இப்ப டெர்மினலைத் திறங்க. லினக்ஸ்ல எல்லாமே அங்கதான் நடக்கும். பாஸ்வேர்டு கேட்டா கத்தரிக்கான்னு அடிங்க. வேற யார் காதுலயும் விழக் கூடாது. திறந்ததும் கூப்பிடுங்க."

அவள் சொன்னது கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையை. கோணங்காட்டாருக்குத் தெரிந்த டெர்மினல் வேறு. டவுனில் புது பஸ் டெர்மினல் கட்டி முடித்து, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, மந்திரி வருவார் வருவார் என்று மாசக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அது கோணங்காட்டுக்கும் தெரியும்.

"அதை எதுக்கு நம்மளைத் திறக்கச் சொல்லுது பொண்ணு?" என்று கேட்டார் சடையாண்டி.

"கப்பு வாங்கினவங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்றது உலக வழக்கம்" என்றார் அய்யாக்கண்ணு.

சலூனில் கத்தரிக்கோலை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். டெர்மினல் வாசலில் நாற்காலி போட்டு ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். "யாருய்யா நீங்க? உள்ள போறதுக்குப் பாஸ் இருக்கா?"

"அண்ணே, கேட்டுட்டாருண்ணே!" என்று மாசிலாமணி சந்தோஷப்பட்டார்.

பொன்னுரங்கம் நாலு பக்கமும் பார்த்தார். வாட்ச்மேனின் காதருகே குனிந்து, மெல்ல, "கத்தரிக்கா" என்றார்.

மேலிடத்து ஆட்கள் யாருக்கும் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள், மரியாதையாக நடந்துகொள் என்று வாட்ச்மேனுக்கு நேற்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர் பார்த்தார்: பளபளவென்று மழித்த முகங்கள், கையில் கத்தரிக்கோல், வாயில் ரகசியச் சொல். எழுந்து சல்யூட் அடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். பொன்னுரங்கம் பூட்டைத் திறந்து ரிப்பனை வெட்டினார். மூவரும் கைதட்டினார்கள்.

"திறந்தாச்சும்மா" என்றார் போனில்.

"கறுப்பா தெரியுதா மாமா?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார். புதுத் தார். "கன்னங்கரேல்னு இருக்கும்மா."

"மேல மூலையில ஒண்ணு சிமிட்டிக்கிட்டே இருக்கா?"

அண்ணாந்து பார்த்தார். மூலையில் ஒரு டியூப்லைட் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. "இருக்கும்மா! எப்படிக் கண்ணு அங்கேருந்தே பார்க்கிற?"

"எல்லா டெர்மினலும் அப்படித்தான் மாமா இருக்கும். இப்ப லிங்க்கைக் காப்பி பண்ணி, அங்க பேஸ்ட் பண்ணுங்க. என்டர் பண்ணதும் வரிசையா ஓட ஆரம்பிக்கும்."

எதிர்ச் சாரியிலேயே 'லிங்கம் காப்பிக் கடை' என்று போர்டு தொங்கியது. யாழினியின் ஞானத்தை எண்ணி நால்வரும் உருகிப்போனார்கள். லிங்கம் காப்பி நாலு வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் குடித்தார்கள். மாசிலாமணி பக்கத்துக் கடையில் பேஸ்ட் வாங்கிவந்து வாசற்படியில் நீளமாகப் பிதுக்கினார். பிறகு நால்வரும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே என்டர் ஆனார்கள். சடையாண்டி மட்டும் பேஸ்ட்டில் வழுக்கி உட்கார்ந்தபடியே என்டர் ஆனார்.

அதே நேரம், வெயிலில் ரோட்டோரம் நின்று நின்று அலுத்துப்போன பஸ்காரர்கள் ரிப்பன் வெட்டியிருப்பதைப் பார்த்தார்கள். ஒரு பஸ் உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"வரிசையா ஓட ஆரம்பிச்சிருச்சும்மா!" என்று பொன்னுரங்கம் கத்தினார்.

"சூப்பர் மாமா! எத்தனை பர்சென்ட் ஆயிருக்கு?"

"எல்லாமே புல்லு. படியில வேற தொங்குறாங்க."

போனில் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. பிறகு யாழினி மெதுவாகக் கேட்டாள். "மாமா... நீங்க எங்க இருக்கீங்க?"

அந்த டெர்மினலில் அன்றிலிருந்து பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. திறந்து வைத்தது யார் என்று கேட்டால் அதிகாரிகள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

யாழினி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாளோ என்னவோ, ஞாயிறு காலை நிதானமாகப் பேசினாள். "ஒண்ணும் கஷ்டம் இல்லை மாமா. வீடியோவைக் கம்ப்யூட்டர்ல இறக்கணும், அவ்வளவுதான். பத்து மணிக்குக் கூப்பிடுறேன்."

"கம்ப்யூட்டர்ல வெச்சு இறக்கணுமாம்" என்றார் பொன்னுரங்கம்.

மன்றம் மாடியில் இருந்தது. படி குறுகல். போட்டிக் கயிற்றையே எடுத்துக் கம்ப்யூட்டரைக் கட்டி, ஜன்னல் வழியாக விட்டார்கள். இழுக்கத்தான் தெரியுமே தவிர விட்டுக்கொடுத்துப் பழக்கம் இல்லாததால், முழம் இறக்கினால் அரை முழம் தாமாகவே மேலே இழுத்தார்கள். ஒருவழியாகப் பெட்டி வீரப்புவின் டீ பாய்லர் பக்கத்தில் வந்து ஆடிக்கொண்டு நின்றது.

"கீழே யாருண்ணே பிடிக்கிறது?" என்றார் சடையாண்டி.

நால்வருமே மேலே இருந்தார்கள். சரி என்று நால்வரும் கீழே ஓடினார்கள். கயிற்றை மேஜைக் காலில் கட்டியிருந்தது மாசிலாமணி. ஏன் கட்டினாய் என்று கேட்டதற்கு, கை வலித்தது என்றார். யோசிக்காமல் செய்த அந்த ஒரு காரியத்தால் கம்ப்யூட்டர் பிழைத்தது.

பத்து மணிக்கு யாழினி கூப்பிட்டாள். "இறக்கிட்டோம், பாய்லர்கிட்ட இருக்கு" என்று பொன்னுரங்கம் சொன்னதைக் கேட்டதும் அழுகிற குரலில், "நெட்டு ஒயர் மாடியிலதானே மாமா இருக்கு? மேல ஏத்துங்க!" என்றாள். இழுப்பது அவர்கள் தொழில் அல்லவா, அரை நிமிஷத்தில் ஏற்றிவிட்டார்கள்.

"ஒயரைச் சொருகி ஆன் பண்ணுங்க. பண்ணியாச்சா? மீதியை நான் இங்கேருந்தே பார்த்துக்கிறேன். கும்பிட்டுக் கேக்கிறேன் மாமா, நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

நால்வரும் கையைத் தூக்கிக்கொண்டு அறையின் நடுவில் நின்றார்கள். மூக்கு அரித்தது, தொடவில்லை. பொன்னுரங்கத்தின் வேட்டி நழுவியது, அதையும் தொடவில்லை. கீழே விழுந்து காலைச் சுற்றிக்கொண்டது. உள்ளே டவுசர் போட்டிருந்தார், கதை தப்பித்தது.

அய்யாக்கண்ணு திடீரென்று குனிந்து தன் காலைப் பார்த்தார். "அண்ணே, தரையைத் தொட்டுக்கிட்டுத்தானே நிக்கிறோம்?"

பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. செங்கமலம் கண்ணெதிரே வந்து நின்றாள். "குதிங்கடா!" என்றார். நால்வரும் குதித்தார்கள். கீழே வருவதற்குள் மறுபடி குதித்துவிட வேண்டும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. கீழே வீரப்புவின் டீ கிளாஸ்களில் சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்றைக்கு டீ கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதே என்று ஒருவர் பாராட்டிக் குடித்தார்.

மூச்சு வாங்கி நாக்குத் தள்ளும் நேரத்தில் மேஜை மேலிருந்த போனில் யாழினியின் குரல் வந்தது. "இறங்கிடுச்சு மாமா. முழுசா. இனிமே நெட்டே வேண்டாம், எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்."

திங்கட்கிழமை செங்கமலம் வந்தாள். மன்றத்து நாற்காலியில் உட்காரவைத்து வீடியோவைப் போட்டார்கள். திரையில் ஈச்சங்காட்டார் இழுத்தார்கள். குளவி வந்தது. கோணங்காட்டார் விழுந்தார்கள், கயிறோடு போனார்கள், பொன்னுரங்கம் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். செங்கமலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவே இழுத்திருக்கீங்க" என்றாள். பொன்னுரங்கம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் கயிற்றைப் பிடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் ஜெயித்தார்கள். புதன்கிழமையும் அவர்களே ஜெயித்தார்கள். அய்யாக்கண்ணு சுவரில் கரிக்கோடு போட ஆரம்பித்தார். "தொடர்ந்து ஜெயிக்கிற அணி இந்த ஜில்லாவிலேயே நாமதான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. செங்கமலம் தினமும் சாயங்காலம் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஈச்சங்காட்டார் ஓங்கி இழுத்துக்கொண்டிருக்கும்போது, குளவி வருவதற்கு முன்னால், கரண்ட் போய்விட்டது. திரை இருண்டது. இரண்டு மணி நேரம் காத்திருந்தும் வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படி இறங்கினார்கள். மாசிலாமணி விம்மினார்.

"விடுங்க தம்பி" என்றாள் செங்கமலம். "ஒருநாள் தோக்கிறதுதான். நாளைக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர்ல மறுபடி போட்டி இருக்கு. காலையில நேரமா எழுந்திரிச்சு, நாலு பேரும் கயித்தை எடுத்துட்டுப் போய் நல்லாப் பழகிட்டு வாங்க. கீழ விழுந்தாலும் விட்டுடாதீங்க. குளவி வர்றதை நான் பார்த்துக்கிறேன்."